பாதியில் இறங்குகிறவர்கள்

சிகந்தராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரியில் திருமலகிரியையும் லால் பஜாரையும் தாண்டினால் லோத்குண்டா. 'ஆழமான குட்டை' என்று தெலுங்கில் பொருள். சுற்றிலும் ராணுவ நிலங்கள். அவற்றுக்கு இடையிலும் அப்பாலும் அல்வால் வரை நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். இந்த வட்டாரத்துக்குத் தமிழ் புதிதல்ல. 1806இல் சிகந்தராபாத் என்று பெயர் பெற்ற கன்டோன்மெண்டுக்கு மதராஸ் படைப்பிரிவுகளோடும், அவற்றுக்குச் சரக்குக் கொடுத்த வியாபாரிகளோடும் வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கேயே தங்கிவிட்டன. பின்னால் ரயில்வேக்கும் ஆலைகளுக்கும் வந்தவர்கள் வேறு. இந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு நான்கு மொழி: வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, தெருவில் உருது கலந்த இந்தி, கல்லூரியில் ஆங்கிலம். நான்காவதில்தான் பெரும்பாலும் கால் இடறுகிறது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து ஒரு பையன் இன்டர்மீடியட் முடித்து பி.காம். சேர்கிறான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். சேர்வது இன்று பெரிய காரியமே அல்ல. தெலங்கானாவில் 2016இலிருந்து பட்டப்படிப்புச் சேர்க்கை கணினி வழியாகத்தான் நடக்கிறது. அந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் 'தோஸ்த்' என்று வருகிறது. நண்பன் என்று அர்த்தம். நல்ல பெயர்தான். வீட்டிலிருந்தே விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிந்தால் இடம் கிடைத்துவிடுகிறது. ஆண்டுதோறும் ஏராளமான இடங்கள் காலியாகவே கிடப்பதால் கல்லூரிகளும் கைநீட்டி அழைக்கின்றன. நண்பன் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறான்.

முதல் பருவத் தேர்வில் இரண்டு தாளில் தேறவில்லை. தமிழ்நாட்டில் 'அரியர்' என்பதை அங்கே 'பேக்லாக்' என்கிறார்கள், வலி ஒன்றுதான். இரண்டாம் பருவத்தில் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. பையன் மாலையில் பைக்கில் சாப்பாடு கொண்டுகொடுக்கும் வேலைக்குப் போகிறான். மாலை வேலை இரவு வேலையாகிறது. காலை ஒன்பதரை வகுப்புக்கு சிகந்தராபாத் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். முதல் வகுப்பு தவறுகிறது, பிறகு இரண்டாவதும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. முதலாண்டுத் தாள்களில் குறிப்பிட்ட அளவு தேறியிருந்தால்தான் இரண்டாம் ஆண்டு. பேக்லாக் இப்போது ஐந்து. "அடுத்த வருஷம் சேர்த்து எழுதிடறேன்" என்கிறான்.

இந்தக் கதையில் பையன் கல்லூரியை விட்டு விலகிய நாள் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் விலகல் கடிதம் கொடுக்கவில்லை. கல்லூரி அவனை நீக்கவில்லை. அவனைக் கேட்டால் படிப்பதாகத்தான் சொல்வான். இரண்டு வருஷம் கழித்து வேலைக்கு மனுப் போடும்போது 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் 'இன்டர்மீடியட்' என்று எழுதுகிறானே, அந்த நாள்தான் விலகிய நாளாக இருக்க வேண்டும்.

அவனுக்குப் பதில் ஒரு பெண் என்றால் பஸ் செலவு மட்டும் இல்லை. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவின் சாதாரண பஸ்களிலும் எக்ஸ்பிரஸ் பஸ்களிலும் அந்த மாநிலப் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கல்லூரிப் பெண்களுக்கு இது எத்தனை பெரிய உதவி என்பதைப் படித்து முடித்தவர்களே சொல்வார்கள். ஆனால் பெண்ணின் படிப்பை நிறுத்துகிறவை வேறு: வந்து வாய்க்கும் வரன், பிரசவத்துக்கு வரும் அக்கா, படுக்கையில் விழும் பாட்டி. வீட்டில் யாருக்காவது ஆள் தேவைப்பட்டால் முதலில் விடுப்பு எடுப்பது பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்தான். சம்பளம் வாங்குகிற அண்ணனுக்கு விடுப்புக் கிடைக்காது அல்லவா?

இந்தப் பையனும் பெண்ணும் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணுகிறது. 2021–22 கணக்குப்படி நாடு முழுவதும் 4 கோடியே 33 லட்சம் பேர். கல்லூரி வயதில் இருப்போரோடு ஒப்பிட்டுச் சொல்லும் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47, தெலங்கானாவில் 40. இந்த எண்களை வைத்து மாநிலங்கள் மார்தட்டிக்கொள்கின்றன, தட்டிக்கொள்ளவும் நியாயம் இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் அந்த ஆண்டில் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கையும் உண்டு. ஆனால் ஒரே அணியை, அதாவது 2018இல் சேர்ந்தவர்களை, 2021 வரை பின்தொடர்ந்து போய் அவர்களில் எத்தனை பேர் கரையேறினார்கள் என்று பார்க்கும் வழக்கம் அதில் இல்லை.

கல்லூரிகள் விளம்பரத்தில் போடும் '90 சதவீதத் தேர்ச்சி'யைக் கவனித்துப் படிக்க வேண்டும். அது இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்களில் தேறியவர்களின் விகிதம். உதாரணமாக, 100 பேர் சேர்ந்து, 60 பேர் இறுதித் தேர்வு வரை வந்து, அவர்களில் 54 பேர் தேறினால் கல்லூரிக்கு 90 சதவீதம். சேர்ந்தவர்களின் பக்கமிருந்து பார்த்தால் 54. நடுவில் காணாமற்போன 40 பேர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. தரச்சான்று தரும் தேசிய அமைப்பான 'நாக்'கூட தேர்ச்சி விகிதத்தை இறுதியாண்டுக்காரர்களை வைத்தே கேட்கிறது. கல்லூரிகளுக்குத் தரவரிசை போடும் தேசியப் பட்டியலில் உரிய காலத்தில் முடித்தவர்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு என்பது உண்மை. ஆனால் விருப்பப்பட்டு அதில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் நாட்டிலுள்ள கல்லூரிகளில் ஒரு சிறு பகுதி. லோத்குண்டா பையன் சேரும் கல்லூரி அதில் இருக்க வாய்ப்புக் குறைவு.

அமெரிக்காவில் இந்த விஷயத்தில் ஒரு சட்டமே இருக்கிறது. மாணவருக்கு அறியும் உரிமை தரும் அந்தச் சட்டம் 1990இல் வந்தது. அரசு உதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை வெளியிட வேண்டும். அங்கே சமுதாயக் கல்லூரிகள் என்று ஒரு வகை உண்டு. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கியதைத்தான் முதல் அரசுக் கல்லூரியாகச் சொல்வார்கள். இரண்டு வருடப் படிப்பு, குறைந்த கட்டணம், யார் வந்தாலும் சேர்க்கை. வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் குடியேறிகளின் பிள்ளைகளும் அங்கேதான் போகிறார்கள். எண்களை வெளியிட்டபோது வெளிவந்த உண்மை கசப்பானது: இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடிப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இடையில் நான்கு வருடக் கல்லூரிகளுக்கு மாறிப் போனவர்களைக் கழித்தாலும் மிச்சம் பெரிதுதான்.

ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கு நெடுங்காலம் 'படிப்பு ஏறவில்லை' என்பதே பதிலாக இருந்தது. வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளர் 1975இல் எழுதிய ஒரு கட்டுரையில் கேள்வியைத் திருப்பிப் போட்டார். மாணவனுக்கும் கல்லூரிக்கும் இடையே பாடத்தாலும் பழக்கத்தாலும் ஒட்டு ஏற்படுகிறதா என்று பார்க்கச் சொன்னார். ஆசிரியருக்குப் பெயர் தெரியாத, கூடப் படிப்பவர்களோடு டீ குடிக்க நேரமில்லாத மாணவன் முதல் சிரமத்திலேயே கழன்றுகொள்கிறான். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இது முழுக்கப் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். அவர்களுக்கு வெளியிலிருந்து இழுக்கும் கயிறுகள்தான் பலமானவை. இரண்டும் சேர்ந்த கதைதான் லோத்குண்டாவிலும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் செய்து பார்த்த காரியம் இங்கே விரிவாகச் சொல்லத் தக்கது. தன் சமுதாயக் கல்லூரிகளில் சேர்ந்த ஒரு பகுதி மாணவர்களுக்கு அது சில வசதிகளைச் சேர்த்துக் கொடுத்தது. உதவித்தொகை போக மீதமுள்ள கட்டணம் தள்ளுபடி. பாடப்புத்தகம் இலவசம். நகர ரயிலுக்கும் பஸ்ஸுக்குமான மாதாந்தர அட்டை இலவசம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆலோசகர். சாதாரணமாக ஓர் ஆலோசகரின் தலையில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் விழுவார்கள், இதில் குறைத்தார்கள். ஆலோசகரைப் பார்த்தால்தான் பயண அட்டை என்றும் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம். பதிலுக்கு மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும், பின்தங்கிய பாடங்களை முதலிலேயே முடிக்க வேண்டும்.

விளைவைச் சோதிக்க மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று வருட முடிவில் வசதி பெறாத அணியில் 22 சதவீதம் பேர் முடித்திருந்தார்கள். பெற்ற அணியில் 40. புத்திசாலித்தனம் இரு அணிகளிலும் ஒன்றுதான், பாடத்திட்டமும் ஒன்றுதான். ஒரு மாணவருக்கு ஆன செலவு கூடியது, ஆனால் முடித்தவர்கள் அதிகமானதால் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது. நிதியமைச்சர்கள் வாசித்துப் பார்க்க வேண்டிய வாக்கியம் இது.

இந்தியா இப்படிப்பட்டவர்களை நினைக்காமலே இருந்தது என்று சொல்ல முடியாது. கதவைத் திறப்பதில் நாம் சளைத்தவர்கள் அல்ல. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. ஊர் விட்டு ஊர் போன தமிழர்களில் எத்தனையோ பேரின் பி.ஏ. பட்டம் மதுரையிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ தபாலில் வந்ததுதான். நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது ஹைதராபாத்தில்தான். 1982இல் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1991இல் டாக்டர் பி.ஆர். அம்பேத்கரின் பெயரைப் பெற்றது. முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி பின்னால் டெல்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் துணைவேந்தரானார். இன்டர்மீடியட் படிக்காதவரும் ஒரு தகுதித் தேர்வு எழுதிப் பட்டப்படிப்பில் சேரலாம் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல. ஹோட்டல் தொழிலாளியும் பீடி சுற்றும் பெண்ணும் கனவு காணலாம் என்று ஆயிற்று.

ஆனால் கதவு திறந்திருப்பது ஒன்று, உள்ளே வந்தவர் மறுபக்கம் வெளியேறுவது இன்னொன்று. திறந்தநிலைக் கல்வியில் தனிமை அதிகம். படிப்பு மையங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு வைக்கிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிறுதானே ஓய்வு என்ற எண்ணம். துணிக்கடையில் நிற்பவருக்கும் சாப்பாடு கொண்டுகொடுப்பவருக்கும் ஞாயிறுதான் அதிக வேலை என்பது அந்த அட்டவணை போட்டவர்களின் காலத்தில் தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது தெரியும்.

சமுதாயக் கல்லூரியையும் தமிழர்கள் அறிவார்கள். 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் தொடங்கிய கல்லூரிகள்தான் நாட்டில் முன்னோடிகள். பள்ளியோடு நின்றவர்களுக்கு ஒரு வருடத்தில் ஒரு தொழிலும், அதோடு கொஞ்சம் ஆங்கிலமும் தன்னம்பிக்கையும் என்ற எளிய திட்டம். மாணவரைத் தேடிக் குப்பத்துக்குப் போவது, வராவிட்டால் வீட்டுக்குப் போவது என்ற பழக்கம் அவற்றின் பலம். பிறகு அரசு நுழைந்தது. 2009இல் இந்திரா காந்தி பல்கலைக்கழகம் நூற்றுக்கணக்கில் சமுதாயக் கல்லூரிகளைப் பதிவு செய்தது. 2012இல் திட்டத்தையே நிறுத்தியது. பாதியில் நிற்பது மாணவர்களின் குணம் மட்டுமல்ல போலும். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு திட்டத்தோடு வந்தது.

இப்போது புதிய கல்விக் கொள்கை. 2020இல் வந்த அதன்படி பட்டப்படிப்பில் எந்த வருட முடிவிலும் இறங்கிக்கொள்ளலாம்: ஒரு வருடத்துக்குச் சான்றிதழ், இரண்டுக்குப் பட்டயம், மூன்றுக்குப் பட்டம், நான்குக்கு ஆனர்ஸ். படித்ததற்கான மதிப்பலகுகள் ஒரு கணக்கில் சேமிப்பாக இருக்கும், பிறகு வந்து தொடரலாம். தமிழ்நாடு இதை எதிர்க்கிறது. இடைநிற்றலுக்கு மரியாதையான பெயர் சூட்டும் ஏற்பாடு என்பது எதிர்ப்பவர்களின் வாதம். ஆதரிப்பவர்கள், எப்படியும் இறங்கப்போகிறவன் வெறுங்கையோடு இறங்காமல் ஒரு காகிதத்தோடாவது இறங்கட்டுமே என்கிறார்கள். கேட்பதற்கு இரக்கமுள்ள வாதம்.

விதியைப் படித்துப் பார்த்தால் இரக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். 2022இல் மானியக் குழு வெளியிட்ட வரைமுறைப்படி முதலாண்டுச் சான்றிதழ் வேண்டுமானால் 40 மதிப்பலகுகள் பெற்றிருக்க வேண்டும், அதாவது முதலாண்டுத் தாள்கள் எல்லாவற்றிலும் தேறியிருக்க வேண்டும். அதன்மேல் கோடை விடுமுறையில் 4 மதிப்பலகுக்கு ஒரு தொழிற்பாடம் படிக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். மொத்தம் ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். எல்லாத் தாளிலும் தேறி, கோடையிலும் வகுப்புக்கு வரக்கூடிய மாணவன் எதற்காகப் படிப்பை விடப்போகிறான்? உண்மையில் விடுகிறவன் ஐந்து பேக்லாக்கோடும் குறைந்த வருகையோடும் விடுகிறான். அவனுக்கு இந்த விதியில் காகிதமும் இல்லை. ஒழுங்காக வரிசையில் வந்து இறங்குகிறவர்களுக்காகப் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். ஜனங்கள் விழுவது ஜன்னல் வழியாக.

அவனுக்கு உதவக்கூடிய விதி பழையது ஒன்று இருக்கிறது. 2015இல் மானியக் குழு, படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு வருடம் வரை தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று சொன்னது. மூன்று வருட பி.காமுக்கு ஐந்து. விதிவிலக்காக இன்னும் ஒன்று. இதைத் தெரிந்து வைத்திருக்கும் மாணவர் எத்தனை பேர்? காலக்கெடு நெருங்குகிறது, வந்து எழுது என்று யார் அவர்களுக்குச் சொல்கிறார்கள்?

பணத்தின் கதை தனி. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது. தொகை பெரிதல்ல. ஆனால் மாதாமாதம், படிக்கிறவர் கைக்கே, படித்து முடிக்கும்வரை வருகிறது. தெலங்கானாவின் வழி வேறு. ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி காலத்தில் விரிவடைந்த கட்டணத் திருப்பித் தரும் திட்டத்தில் மாணவரின் கட்டணத்தை அரசே கல்லூரிக்குக் கொடுக்கிறது. லட்சக்கணக்கான பிற்பட்ட, தலித், சிறுபான்மைக் குடும்பங்களில் முதல் பட்டதாரியை உண்டாக்கிய திட்டம் அது. சிக்கல் என்னவென்றால் பணம் வர வருஷக்கணக்காகிறது. 2024 அக்டோபரில் தெலங்கானாவின் தனியார் பட்டக் கல்லூரிகள் பாக்கியைக் கேட்டுக் கதவடைத்தன. 2025 நவம்பரில் தொழிற்கல்லூரிகள் அடைத்தன. அரசும் கல்லூரியும் கணக்குத் தீர்க்கும்வரை நடுவில் பிணையாக நிற்பது மாணவனின் மார்க்ஸ் மெமோவும் டி.சி.யும்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளல்ல, பாக்கிக்கு ஈடாக அதை வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றத்துக்குப் போகிற அளவுக்குத் தெம்புள்ளவன் ஐந்து பேக்லாக்கையும் எழுதி முடித்திருப்பான். மற்றவன் கல்லூரிக் கவுண்டரில் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை போகாமல் இருந்துவிடுகிறான். பாக்கியைக் கட்டச் சொல்வார்களோ என்ற பயத்தில் மீதித் தேர்வுக்கும் போகாமல் விடுகிறவர்களும் உண்டு. கல்லூரிக்கு அவன் கடன்காரன். வீட்டுக்கு அவன் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. கணக்கெடுப்புக்கு அவன் ஒன்றுமில்லை.

லோத்குண்டாவில் ஒரு நியூயார்க்கை உண்டாக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு பஸ் ஏற்கெனவே இலவசம். பேக்லாக் தாளுக்கு இரவு எட்டு மணிக்கு மேல், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில், வாரம் இரண்டு நாள் வகுப்பு எடுக்க ஆளும் இடமும் கிடைக்காத ஊர் அல்ல அது. ஐம்பது மாணவருக்கு ஒரு விரிவுரையாளர் என்று பெயர் எழுதி ஒட்டினால், 'எங்கே போனாய்?' என்று கேட்க ஒருவராவது இருப்பார். ஒவ்வொரு கல்லூரியும் மூன்று வருடத்துக்கு முன் எத்தனை பேரைச் சேர்த்தது, அவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற இரண்டே எண்களை 'தோஸ்த்' பட்டியலில் கல்லூரிப் பெயருக்கு எதிரே போடச் சொன்னால் அரசுக்குப் பைசா செலவில்லை. விருப்பக் கல்லூரியை வரிசைப்படுத்தும் அம்மாவும் அப்பாவும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கல்லூரிகள் எதிர்க்கும் என்பதும் நிச்சயம்.

எந்த மாணவர் எந்த வாரத்திலிருந்து வரவில்லை என்று தெரியாத காலமும் போய்விட்டது. பல கல்லூரிகளில் இப்போது வருகைப் பதிவு கணினியில்தான். மூன்றாவது நாள் வராதபோதே திரையில் தெரிந்துவிடும். வீட்டுத் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியும் போகிறது. குறைந்த வருகைக்காகக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, கடைசித் தேதி எது என்று அதில் இருக்கும்.